கருவிழிப் புண்: ஆய்வு இங்கே, பலன் எங்கே?

ஆடிக் காற்று பிடித்ததும் தென் மாவட்டக் கண் மருத்துவமனைகளில் ஒருவகை நோயாளிகள் கூடத் தொடங்குவார்கள். தை அறுவடையின்போது மறுபடியும் கூடுவார்கள். ஒரு கண் சிவந்து வீங்கியிருக்கும். வெளிச்சம் கூசுவதால் துண்டாலோ முந்தானையாலோ மூடிக்கொண்டு வருவார்கள். நெல் தூற்றும்போது சுணை விழுந்திருக்கும், கரும்புத் தோகை கீறியிருக்கும், பால் கறக்கும்போது மாட்டு வால் அடித்திருக்கும். பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் எந்தெந்த மாதங்களில் அதிகரிக்கிறது என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். காற்றுக்காலத்தையும் அறுவடைக்காலத்தையும் ஒட்டிய ஜூலை, ஜனவரி மாதங்களில்தான் எண்ணிக்கை உச்சம் தொட்டது. விவசாயக் கூலிகளுக்கு இது யாரும் ஆய்ந்து சொல்ல வேண்டிய சேதி அல்ல.

அதே மருத்துவமனைகளில் இன்னொரு வரிசையும் உண்டு. முகாமிலிருந்து பேருந்தில் அழைத்துவரப்பட்டு, கண்புரை அறுவை செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியுடன் வீடு திரும்பும் முதியவர்களின் வரிசை அது. இரண்டு நோய்களைப் பற்றியும் உலகத் தரத்தில் ஆய்வு நடந்த ஊர் மதுரை. முதல் வரிசைக்குக் கிடைத்தது ஆய்வுக் கட்டுரைகள். இரண்டாவது வரிசைக்குக் கிடைத்தது ஓர் ஏற்பாடு. ஏன் இப்படி ஆனது என்று கேட்க வேண்டிய நேரம் இது.

2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரை காரணம். கருவிழித் தழும்பின் பங்கு 7.4 சதவீதம் மட்டுமே. ஆனால், 50 வயதுக்கு உட்பட்டோரின் கணக்கைப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. அங்கே முதலிடம் கருவிழிக்கு: 37.5 சதவீதம். படிக்கிற வயதிலும் உழைக்கிற வயதிலும் கண்ணைப் பறிக்கும் முதல் காரணத்தை, முதியோருக்கான பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருப்பதாக மட்டும் நாம் பார்த்துவருகிறோம்.

கண்புரை விஷயத்தில் என்ன நடந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியபோது, கண்புரை அறுவை என்றால் லென்ஸை முழுதாக எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவதுதான். கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை லென்ஸ் பிறகு வெளிநாடுகளில் வழக்கமாயிற்று. ஆனால், ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு அறுவை செய்யும் இடத்தில் அது பாதுகாப்பானதா, அந்தச் செலவு தகுமா என்ற சந்தேகம் நிபுணர்களிடமே இருந்தது. அதற்குப் பதில் காண, இரு கண்ணும் தெரியாத 3,400 பேரைச் சேர்த்து மதுரையில் ஆய்வு நடந்தது. யாருக்குப் பழைய முறை, யாருக்குச் செயற்கை லென்ஸ் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். 1998இல் வெளியான முடிவு லென்ஸின் பக்கம் நின்றது. அதற்குள், 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் லென்ஸை மதுரையிலேயே செய்து விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ஆய்வு சொன்னது, தொழிற்சாலை கொடுத்தது, அரசுத் திட்டம் ஏற்றது. மூன்றும் கைகோத்ததால்தான் சோடாபுட்டிக் கண்ணாடி இன்று பழைய புகைப்படங்களில் மட்டும் இருக்கிறது.

அடுத்த கேள்வி, விலையுயர்ந்த கருவி வேண்டுமா என்பது. மீயொலியால் புரையைக் கரைத்து உறிஞ்சும் பேக்கோ முறைதான் மேல் என்று பணக்கார நாடுகள் முடிவுகட்டிவிட்டிருந்தன. கையாலேயே சிறு கீறல் போட்டு, தையலில்லாமல் முடிக்கும் முறையை அதனுடன் ஒப்பிட்டு 2005இல் புணேவிலும் 2007இல் நேபாளத்திலும் 2010இல் புதுச்சேரியிலும் குலுக்கல் ஆய்வுகள் வெளியாயின. பார்வை மீள்வதில் சிறு கீறல் முறை பெரிதாகப் பின்தங்கவில்லை. செலவும் நேரமும் குறைவு. ஏழை நாட்டு முறை என்ற இளக்காரத்தை இந்த ஆய்வுகள் துடைத்தன.

கண்புரை அறுவையில் எல்லோரும் அஞ்சுவது, அறுவைக்குப் பின் கண்ணுக்குள் தொற்று புகுந்து சீழ் பிடிப்பதை. அறுவை முடியும் தறுவாயில் மாக்ஸிபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணுக்குள் சிறிதளவு செலுத்தினால் என்னாகும் என்று அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த ஏறத்தாழ 6 லட்சம் அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 10,000 அறுவைக்கு 7 என்றிருந்த தொற்று 2 ஆகக் குறைந்திருந்தது. இது குலுக்கல் ஆய்வு அல்ல, பதிவுகளைத் திரும்பிப் பார்த்த கணக்கு, வாதிட இடமுண்டு. ஆனாலும், அத்தனை அறுவைகளின் விளைவையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருந்த மருத்துவமனையால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது.

கண்புரையிலும் எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் முகாமிட்டு அழைத்துச் செல்லப்பட்டவர்களில் 60க்கும் மேற்பட்டோர் அறுவைக்குப் பின் தொற்றால் பார்வையை இழந்தது தமிழ்நாட்டிலேயே நடந்தது. மேலே சொன்ன கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 7.2 சதவீதத்துக்குக் கண்புரை அறுவையின் சிக்கல்களே காரணம். கருவிழித் தழும்பின் பங்குக்கு ஏறக்குறைய சமம் இது! கருவிழியின் உட்புறச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதக் கண்ணில் மறுபடி பெருகுவதில்லை. முரட்டுத்தனமான அறுவையில் அவை தேய்ந்தால், புரை போன கண்ணில் கருவிழி நீர் கோத்து மங்கிவிடும். எத்தனை அறுவை செய்தோம் என்று அறிவிக்கும் அரசுகள், அறுவைக்குப் பின் எத்தனை பேர் எத்தனை வரி படித்தார்கள் என்பதையும் அறிவிக்க வேண்டும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கருவிழிக்கு வருவோம். கண்ணின் முன்புறத்தில், நடுவே சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள, ரத்தக் குழாயே ஓடாத, கண்ணாடி போன்ற திசு அது. அதன் மேல்தோல் கீறப்பட்டு, மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சை உள்ளே புகுந்துவிட்டால் புண் பிடிக்கிறது. புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். ஊரில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். 1990களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கு, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகச் சொன்னது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் கிடைத்த கணக்கைவிட இது சுமார் பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் மதுரைக்கு வந்த 434 நோயாளிகளை டாக்டர் எம்.சீனிவாசன் குழுவினர் ஆராய்ந்தபோது, கிருமி கண்டறியப்பட்ட புண்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வந்தவை. பணக்கார நாடுகளில் கருவிழிப் புண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் பெரிய காரணம்; இங்கே களத்துமேடு. 1997இல் சீனிவாசனும் அமெரிக்க மருத்துவர் ஜான் விட்சரும் இதை ஓசையில்லாத கொள்ளைநோய் என்று எழுதினார்கள்.

பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் என்ற பழைய மருந்து உண்டு. பால் போலக் கலங்கலாக இருக்கும் சொட்டு மருந்து. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை விட வேண்டும்; கருவிழிக்குள் சரியாக ஊடுருவுவதில்லை என்று அதன் மேல் குறை. பிறகு வந்த வோரிகோனசோல் நன்றாக ஊடுருவியது, ஆய்வகத் தட்டில் பல பூஞ்சைகளைக் கொன்றது. இதுதான் இனி என்று பல நாட்டுக் கருவிழி வல்லுநர்கள் நம்பத் தொடங்கினார்கள். டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னாவும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் லீட்மனும் தலைமையேற்ற ஆய்வு 2010 ஏப்ரலில் தொடங்கியது. மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்த நோயாளிகளுக்குக் குலுக்கல் முறையில் இரண்டில் ஒன்று தரப்பட்டது. யாருக்கு எது என்பது மறைக்கப்பட்டது. 368 பேரைச் சேர்ப்பது திட்டம். 323 பேரோடு சேர்க்கையை நிறுத்த வேண்டியதாயிற்று, புதிய மருந்து அந்த அளவுக்குப் பின்தங்கியதால். ஃபியூசேரியம் புண் கண்டவர்களில் நாட்டமைசின் பெற்றவர்கள், மூன்று மாதத்தின் முடிவில், பார்வைப் பலகையில் சராசரியாக நான்கு வரி கூடுதலாகப் படித்தார்கள். கண்ணில் ஓட்டை விழுவதும் அவசரக் கருவிழி மாற்று தேவைப்படுவதும் அவர்களுக்கு வெகுவாகக் குறைந்தது.

நான்கு வரி என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பவருக்கும், யாரிடமாவது கேட்டு ஏறுபவருக்கும் உள்ள தூரம் அது.

2013இல் வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளும் சுவையானவை. வோரிகோனசோலை மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தால் கடும் புண்ணாவது ஆறுமா என்று தமிழ்நாட்டிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் பார்த்தார்கள். மொத்தத்தில் பயனில்லை, பக்கவிளைவுதான் கூடியது. புறஊதா ஒளி பாய்ச்சிக் கருவிழியை இறுக்கினால் பூஞ்சை சாகுமா என்று மதுரையில் 111 பேரிடம் பார்த்தார்கள். பார்வை இன்னும் மோசமானது. மலிவான குளோர்ஹெக்சிடின் நாட்டமைசினுக்கு ஈடாகுமா என்று நேபாளத்தில் 354 பேரிடம் பார்த்தார்கள், ஈடாகவில்லை. தோல்வியில் முடிந்த ஆய்வுகள் என்று இவற்றை ஒதுக்குவார்கள். என் பார்வையில் இவைதான் ஏழை நோயாளிக்கு அறிவியல் செய்த பெரிய உபகாரம். பயனற்ற மாத்திரைக்கும் ஆபத்தான ஒளிச் சிகிச்சைக்கும் அவர் நகை அடகு வைக்க வேண்டாம் என்பதை இவை நிரூபித்தன. 2017இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசினை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவுக்கான ஆதாரத்தின் பெரும்பகுதி நம் ஊர் நோயாளிகளின் கண்களிலிருந்து வந்தது.

பலன் எங்கே என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. சுணை பட்ட கண்ணோடு ஒருவர் முதலில் எங்கே போகிறார்? கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு உடனே பஸ் ஏற முடியாது. முதல் நாள் வீட்டிலேயே தாய்ப்பால், விளக்கெண்ணெய், ஏதாவது இலைச்சாறு. சாற்றோடு இன்னும் கொஞ்சம் கிருமி உள்ளே போகும். அடுத்த நாள் மெடிக்கலில் போய்க் கண் சிவந்திருக்கிறது என்று சொன்னால், சொட்டு மருந்து கையில் வந்துவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு கலந்த சொட்டாகவும் அது இருக்கலாம். ஸ்டீராய்டு செய்வது என்ன? சிவப்பையும் வலியையும் குறைத்துக் குணமாவதுபோல் காட்டும். பூஞ்சையோ தடையில்லாமல் பரவும். வாரம் கழித்துக் கண் மருத்துவரைப் பார்க்கும்போது, நாட்டமைசினால் காப்பாற்ற முடிகிற கட்டம் போய்விட்டிருக்கும்.

ஸ்டீராய்டு பற்றியும் மதுரையில் ஆய்வு நடந்திருக்கிறது என்பதுதான் இதில் வேதனை. 2006 முதல் 2010 வரை 500 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. பெரும்பாலோர் அரவிந்துக்கு வந்தவர்கள். சுரண்டி எடுத்துப் பரிசோதித்து, பாக்டீரியாதான் காரணம் என்று உறுதிசெய்து, இரண்டு நாள் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த பிறகே ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டது. அத்தனை எச்சரிக்கையோடு கொடுத்தும், மூன்று மாதம் கழித்து ஒட்டுமொத்தப் பார்வையில் வித்தியாசமில்லை. மிகக் கடுமையான புண்களில் கொஞ்சம் பயன் தெரிந்தது. நோகார்டியா என்ற கிருமி இருந்த கண்களில் கெடுதல் தெரிந்தது. உலகத்தின் தேர்ந்த வல்லுநர்கள் அந்த அளவுக்குத் தயங்கித் தயங்கித் தொட்ட மருந்தை, நம் கடைகளில் எந்தக் கிருமி என்று தெரியாமலே கவுன்டருக்கு மேல் நீட்டுகிறார்கள்.

தடுக்க முடியுமா? நேபாளத்தின் பக்தபூரில் சுமார் 35,000 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்குக் கிராம ஊழியர்கள் குளோராம்பெனிகால் களிம்பு மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் பிடிக்கவில்லை. ஒரு நாள் கடந்து வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தொற்று கண்டது. மதுரை மாவட்டக் கிராமங்களிலும் பூஞ்சைக்கான களிம்பையும் சேர்த்து இதைச் செய்து பார்த்தார்கள், நம்பிக்கை தரும் முடிவு வந்தது. ஆனால், இவற்றில் ஒப்பிடுவதற்குக் களிம்பு போடாத பிரிவு கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க நேபாளத்தில் 24 பகுதிகளைக் குலுக்கிப் பிரித்துப் பெரிய அளவில் சோதித்தபோது, களிம்பு கொடுத்த பகுதிகளுக்கும் கொடுக்காத பகுதிகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

இதை மறைத்துவிட்டுக் களிம்பு கொடுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம், ஆனால் நேர்மையாகாது. தன்னார்வலர் கையில் களிம்பைக் கொடுத்தால் மட்டும் போதாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கீறல் பட்டவர் அன்றைக்கே வர வேண்டும், வருபவருக்கு வலிப்பது கீறலா புண்ணா என்று பிரித்தறியத் தெரிந்தவர் எதிரே இருக்க வேண்டும், புண் என்றால் மறுநாளே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வழி வேண்டும். கண்புரையில் முகாம், பேருந்து, உணவு, லென்ஸ் என்று சங்கிலியாக இருந்தது. கருவிழியில் ஒரு கண்ணியை மட்டும் செய்து பார்த்தோம்.

கண் தானத்தைப் பெருக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நாட்டின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூரில் தொடங்கியது, டாக்டர் ஆர்.இ.எஸ்.முத்தையா 1948இல் செய்த கருவிழி மாற்றும் இந்த நாட்டில் முதலாவது. பெருமைதான். ஆனால், உலக அளவில் கருவிழி தேவைப்படுவோர் 70 பேருக்கு ஒரு கருவிழிதான் கிடைக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. அது கிடைத்தாலும், கிருமி தின்றுகொண்டிருக்கும் கண்ணில் ஒட்டுவது மிகக் கடினம். ஜப்பானின் கியோட்டோவில் கருவிழிச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்ணுக்குள் செலுத்தி வெற்றி கண்டிருக்கிறார்கள். ஒரு தானக் கருவிழி பலருக்கு உதவும் என்பதால் அருமையான கண்டுபிடிப்பு. ஆனால், அது கருவிழியின் உட்புறச் செல்கள் தேய்ந்தவர்களுக்கானது. புண் ஆறித் தழும்பேறிய கண்ணுக்கு அதனால் பயனில்லை. எந்த நோய்க்குப் பணமும் சந்தையும் இருக்கின்றனவோ அங்கேதான் புதுமை வேகமாக நடக்கிறது. மதுரையில் நடந்த பெரிய கருவிழி ஆய்வுகளுக்கும்கூடப் பணம் தந்தது அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம். நம் உழவர்களின் நோய்க்கு விடை தேட அந்நாட்டு வரிப்பணம் முன்வந்ததற்கு நன்றி சொல்வோம். நம் பணம் எங்கே போனது என்று வெட்கமும் படுவோம்.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. காசநோய்க்குச் சளி பார்க்க அரசு மருத்துவமனைகளில் நுண்ணோக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்தவர்களும் உண்டு. கருவிழியைச் சுரண்டி எடுத்த துளியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டுப் பார்த்தால் பூஞ்சை இழைகள் அதே நுண்ணோக்கியில் சில நிமிடங்களில் தெரியும். சுரண்டி எடுக்கக் கண் மருத்துவர் தேவை. தாலுகா மருத்துவமனை வரைக்கும் வாரம் சில நாட்களாவது அவரைக் கொண்டுபோக முடியாதா? நெல்லும் கரும்பும் விளையும் மாவட்டங்களில் நாட்டமைசினை அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இருப்பில் வைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம் பார்க்கும் மாநிலத்தில், அந்த ஊழியர்களுக்குக் கருவிழிக் கீறலை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்து, அதன் பலனை ஒப்பீட்டுப் பகுதிகளோடு அளந்து பார்க்கும் ஆய்வை மாநில அரசே தன் செலவில் நடத்தலாம். நேபாளம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாக அது அமையும். களத்தில் கண் போவதை விதி என்று விடாமல் வேலையிடத்து விபத்தாகப் பதிவுசெய்ய வேண்டும். பதிவாகாத நோய்க்கு நிதிநிலை அறிக்கையில் இடம் கிடைக்காது.

ஸ்டீராய்டுச் சொட்டு விற்பனைக்குப் புதிய சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டத்தை மருந்து ஆய்வாளர்கள் நடத்திக்காட்டினால் போதும். அது நடக்கும்வரை, வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது கண்ணில் தூசோ சுணையோ பட்டுச் சிவந்தால், சுத்தமான தண்ணீரில் அலசிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது சொட்டு மருந்து கொடுத்தால் பெட்டியின் மேல் உள்ள பெயரைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால், கருவிழியை ஒரு கண் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அதை விடாதீர்கள்.